கும்பல் என்று சொன்னாயே

கார்த்தி,

நைனா எழுதுகிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் பள்ளிக்கூடத்தில் என் மண்டையில் ஏறியது அந்த ஒரு வரிதான். ஆனால் நீ நலமாக இல்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லிவிட்டாய். நான் நலம் என்று எழுதினாலும், எதிரே உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் உங்கம்மா நம்ப மாட்டாள். இன்று அமாவாசை, எனக்கு லீவு. காக்காய் சாப்பிட்ட பிறகுதான் எனக்குச் சோறு என்பதால் வயிறு காலி. காலி வயிற்றில் எழுதுகிறவன் பொய் எழுத மாட்டான் என்று வைத்துக்கொள். போனில் பேசக் கூடாதா என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கம்மா பிடுங்கிக்கொள்கிறாள். வாய்ஸ் மெசேஜ் போட்டுப் பார்த்தேன்; கம்பெனி பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பேசியதில் என் குரலைவிட இன்ஜின் குரல்தான் தெளிவாக விழுந்திருந்தது. அதனால் பேப்பர். இதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். வரிசை மாறி வந்தால் என்னைத் திட்டாதே, மேலே நம்பர் போட்டிருக்கிறேன்.

குஜராத்தில் புது ப்ளாண்ட் திறக்கிறார்கள், ஒரகடத்திலிருந்து டீம் லீடராக உன்னை அனுப்புகிறார்கள் என்றதும் இந்தத் தெருவுக்கே லட்டு கொடுத்தவன் நான். நீ போய் ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நைனா, இங்க ஒருத்தனும் மதிக்க மாட்டேன்றான். நான் கிட்ட போனா பேச்ச நிறுத்திக்கிறானுங்க. கேன்டீன்ல ஒண்டியா உக்காந்து துன்னுக்கினு கீறேன். அந்தக் கும்பலோட என்னால முடியாது. எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஹெச்.ஆர்.ல சொல்லணும்.” மகன் இப்படிக் கேட்கும்போது ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்? நான், “சாப்ட்டியாடா?” என்று கேட்டேன். இப்போதுதானே சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன் என்று நீ போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாய்.

மறுநாள் காலை உங்கம்மா உன் மெத்தையை மொட்டை மாடியில் காயப் போட்டிருந்தாள். எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் நானே அன்று டூட்டிக்குப் போகும் முன் உன் பைக்கின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை எடுத்துவிட்டுத் துடைத்து, உதைத்துப் பார்த்தேன். ஒரே உதையில் கிளம்பியது. அதுவும் உன் கட்சிதான். உங்கம்மாவுக்கு இந்தக் கடிதத்தின் நீளமே பிடிக்கவில்லை. “‘வந்துடுடா’ன்னு எழுது. ஒரு வார்த்தை. அதுக்கு எதுக்கு இம்மாம் பேப்பரு?” என்கிறாள். நானும் அந்த ஒரு வார்த்தையை எழுதத்தான் உட்கார்ந்தேன் கார்த்தி. ஆனால் நீ சொன்ன இன்னொரு வார்த்தை குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரகடம் ரோட்டில் சாயங்காலம் மாடுகள் நடு ரோட்டில் உட்காருமே, ஹாரன் அடித்தாலும் காதை மட்டும் ஆட்டுமே, அந்த மாதிரி. ‘கும்பல்’ என்று சொன்னாயே, அதுதான்.

அதைச் சொல்வதற்கு முன் உன் நாலாம் கிளாஸ் ஹோம்வொர்க்குக்குப் போக வேண்டும். மிருகங்கள் கூட்டமாக இருந்தால் இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் என்று உங்கள் மிஸ் கோடிட்ட இடம் கொடுத்து அனுப்பியிருந்தார். உங்கம்மா, “உங்க நைனாவ கேளு, பத்தாவது வரைக்கும் போயிருக்காரு” என்று உன்னை என்னிடம் தள்ளிவிட்டாள். நான் பத்தாவது வரைக்கும் போனேன் என்பது உண்மை. தாண்டவில்லை என்பதும் உண்மை. நீ பென்சிலைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாய். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. எருமை மாடு கூட்டமாக இருந்தால் என்ன என்றாய். தொழிற்சாலையில் கூட்டமாக எது வந்தாலும், ஆளானாலும் போல்ட்டானாலும், அதற்கு ஒரே பெயர்தானே? “பேட்ச்” என்றேன். தேனீக்கு? காலையில் மொத்தமாக வெளியே போகிறது, சாயங்காலம் மொத்தமாக உள்ளே வருகிறது. “ஷிஃப்ட்.” சிங்கத்துக்கு? கொஞ்சம் யோசித்தேன். நாலு சேர்ந்து நின்று உறுமினால் மேனேஜரே பயப்படுவது எதற்கு? “யூனியன்” என்றேன். எறும்புக்கு “லைன்” என்று சொன்னதற்குப் பாதி மார்க்காவது கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை உண்டு. மறுநாள் உங்கம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். “யாரு சொல்லிக் குடுத்தது?” என்று மிஸ் கேட்க, நீ நெஞ்சை நிமிர்த்தி “எங்க நைனா” என்றாயாம். அந்த மிஸ் சிரித்ததில் டேபிளில் இருந்த சாக்பீஸ் டப்பா கீழே விழுந்தது என்று உங்கம்மா வந்து சொன்னாள். சாக்பீஸ் விழுந்ததா, அவள் சேர்த்துக்கொண்டதா, தெரியாது.

அந்த ரோஷத்தில் நான் உன் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். தினமும் பைக்கில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது கேள்வி கேட்பேன். மாட்டைக் காட்டினால் “ஹெர்ட்” என்பாய், ஆட்டைக் காட்டினால் “ஃப்ளாக்.” மீன் கூட்டத்துக்கு “ஸ்கூல்” என்று நீ சொன்னபோது, அதுகளுக்கும் வேன் வருமா என்று கேட்டேன். சிங்கத்துக்கு “ப்ரைடு”, அப்படியென்றால் பெருமை. ஆந்தைக்கு “பார்லிமென்ட்.” பகலெல்லாம் தூங்குகிற ஜீவனுக்கு அந்தப் பெயரை வைத்தவன் விவரமானவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குச் சிங்கம் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரே ஒரு சிங்கம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. “நைனா, கூட்டமா இருந்தா ப்ரைடு. ஒண்டியா இருந்தா இன்னா?” என்று கேட்டாய். “சிங்கம்தான்.” “அப்ப பெருமை எங்க போச்சு?” “டீ குடிக்கப் போயிருக்கும், வந்துரும்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீ ‘ஒண்டியா’ என்றதும் எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

நீ ஏமாந்துபோனது காக்காயிடம். காக்காய்க் கூட்டத்துக்கு “மர்டர்” என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கொலை. நீ நம்பவே இல்லை. “யாரு நைனா வச்சது? காக்காவே வச்சுக்கிச்சா?” என்று கேட்டாய். “அது எப்படிடா அதுவே வச்சுக்கும்? பார்த்தவன் வச்சது” என்றேன். சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். பின்னால் இவ்வளவு வேலை வைக்கும் என்று தெரிந்திருந்தால் யோசித்துச் சொல்லியிருப்பேன். தமிழில் ஏன் இப்படித் தனித்தனிப் பெயர் இல்லை, எல்லாவற்றுக்கும் கூட்டம்தானா என்று நீ கேட்டபோது உங்கம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “இன்னாத்துக்கு இல்ல? வாழப்பழம்னா சீப்பு, தாறு. பூவுன்னா சரம். கீரைன்னா கட்டு. எறும்புன்னா சாரை. நம்மளுக்கு வாயில போடறதுக்கும், வாயில போடறதுல வந்து மொய்க்கிறதுக்கும் பேரு கீது. போதாதா?” எனக்குப் போதும் என்றுதான் பட்டது. ஆனால் அவள் ஒன்றை விட்டுவிட்டாள். மனுஷன் கூடி நின்றால் நம்மிடம் எத்தனை பெயர் இருக்கிறது பார். செட்டு, ஜமா, பட்டாளம், கூட்டம், கும்பல். நீயும் உன் கூட்டாளிகளும் டீக்கடையில் ரோட்டை அடைத்து நின்றால் அது ‘நம்ம பசங்க செட்டு’. அதே டீக்கடையில் அதே இடத்தில் வெளியூர்ப் பையன்கள் நின்றால் அது கும்பல்.

அந்த வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று நான் போய்த் தேட வேண்டியதில்லை. நம் வீட்டில்தான் கிடந்தது. மாடியில் ரூம் கட்டி, தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டோம். எட்டுப் பேரா ஒன்பது பேரா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது, ஷிஃப்ட் மாறி மாறிப் போவதால் எண்ணுவதற்குள் ஒருவன் இறங்கி ஒருவன் ஏறிவிடுவான். எந்நேரமும் ஒருவன் குளித்துக்கொண்டிருப்பான். எந்நேரமும் டேங்கில் தண்ணீர் இருக்காது. நான் மாடிக்குப் போய் டேங்கை விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பேன், டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பது போல. கீழே வந்து, “அந்தக் கும்பலு மறுபடியும் காலி பண்ணிடுச்சு” என்பேன். வீட்டில் எது காணாமல் போனாலும் கும்பல்தான். என் சீப்பு காணாமல் போனதற்குக்கூடக் கும்பலைச் சொன்னேன். அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது நீ எட்டாவது படிக்கும்போது நடந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அதனால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். அன்றும் அமாவாசை. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று புளிய மரங்களையெல்லாம் வெட்டிப்போட்டிருந்தார்கள், காக்காய்கள் எந்தப் பக்கம் போயினவோ தெரியவில்லை. உங்கம்மா மாடிச் சுவரில் சோறு வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. நான் பசியில் படிக்கட்டில் உட்கார்ந்து, இந்தக் கும்பல் போடும் சத்தத்தில்தான் காக்காய்கூட வருவதில்லை, மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். கத்திக் கத்திச் சலித்துப்போய் உங்கம்மா கெஞ்சவே ஆரம்பித்தாள்: “வா ராஜா. எம்மா நேரம் கூப்புடறது? வந்து ஒரு வாய் துன்னுட்டுப் போ ராஜா.”

மாடி ரூம் கதவு திறந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த இசக்கி, லுங்கியை இறுக்கிக்கொண்டு கண்ணைக்கூடத் திறக்காமல் வந்து நின்று, “என்னையவாக்கா கூப்ட்டீய?” என்றான்.

உங்கம்மா அவனைப் பார்த்தாள், சுவரில் வைத்திருந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “ஒத்தக் கொரலுக்கு வராதுக்கா. அதுக்குக் கூட்டத்தக் கண்டாத்தான் நம்பிக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, “ஏல, எந்திங்கல எல்லாரும்! காக்கா கூப்பிடணும்!” என்று குரல் கொடுத்தான். எவனுக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் எழுந்து வந்தார்கள். பனியனோடு ஒருவன், போர்வையோடு ஒருவன், வாயில் பிரஷ்ஷோடு ஒருவன். சுவரோரம் வரிசையாக நின்று ‘கா கா’ என்று அவர்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பத்தில் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் எங்கிருந்துதான் வந்தனவோ, சுவரெல்லாம் காக்காய்.

வயிற்றுக்கு வழி பிறந்த சந்தோஷத்தில் என் இங்கிலீஷை அவர்களிடம் காட்டினேன். “இங்கிலீஷ்ல காக்கா கூட்டத்துக்கு இன்னா பேரு தெரியுமா? மர்டர்! கொலைன்னு அர்த்தம்.” இசக்கி சுவரைப் பார்த்தான். “அப்ப அந்த இங்கிலீஷ்காரனுக்குத் தெவசம் கெடையாது போலுக்கே அண்ணாச்சி? தாத்தன் சாப்பிட வந்து உக்காந்தா, கொலகாரன்னா சொல்லுவாவ?” என்றான். உங்கம்மா அதற்குள் அவர்கள் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டாள். ராஜா என்று கூப்பிட்டுவிட்டு எப்படி அனுப்புவது? வடை, பாயசம், சாம்பார் எல்லாம் போயிற்று. எனக்கு மிஞ்சியது வாழைக்காய்ப் பொரியலும் ரசமும். மாசக் கடைசியில் யாரையும் காலி பண்ணச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. டேங்கைத் தட்டுவதை நிறுத்தவில்லை. பஸ்ஸிலும் ஷிஃப்ட் விட்டு ஒரே நீலச் சட்டையில் மொத்தமாக ஏறும்போது, வந்துட்டாங்கடா மந்தை மாதிரி என்றுதான் வாயில் வரும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி லைட்டை அணைத்த பிறகு மேலே கண்ணாடியில் பார்ப்பேன். ஒருவன் வாயைத் திறந்துகொண்டு, ஒருவன் பக்கத்து ஆளின் தோளில், ஒருவன் செத்துப்போன போனைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குவான். ஏறும்போது ஒரே மாதிரி இருந்தவர்கள் தூங்கும்போது ஒருவன்கூட இன்னொருவன் மாதிரி இருப்பதில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் சொன்னால் பத்தாவது தாண்டியவன் மாதிரி ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை ஒரகடம் டீக்கடையில் இசக்கியைப் பார்த்தேன். இப்போது சூப்பர்வைசர், கல்யாணமாகிப் படப்பையில் வாடகைக்கு இருக்கிறான், தொப்பை என்னை மிஞ்சிவிட்டது. உன்னைப் பற்றிக் கேட்டான், சொன்னேன். கும்பல் என்று நீ சொன்னதையும் சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “அண்ணாச்சி, நீங்க எங்கள அப்பிடித்தான் சொல்லுவீயன்னு தெரியும். படிக்கட்டுல கேக்கும்லா? ஒங்க மூணு பேருக்கும் நாங்க வச்ச பேரு தெரியுமா?” தெரியாது என்றேன். “வாட்டர் டிபார்ட்மென்ட். நீங்க மாடிப்படி ஏறுனாலே, ‘ஏல, டிபார்ட்மென்ட் வருது, கொழாய மூடு’ம்போம்.” வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னதும் உடனே அவனுக்குப் போன் போட்டு, “அதுல எனக்கு இன்னாடா போஸ்ட்டு?” என்று கேட்டாள். அவள் கேன்டீன் இன்சார்ஜாம். நீ அப்ரண்டிஸ். என்னை இன்ஸ்பெக்டர் என்றுதான் வைத்திருந்தார்களாம், நான் நினைத்ததைவிடப் பெரிய பதவி. காக்காய் கூப்பிட்ட பிறகாவது பெயரை மாற்றினீர்களா என்று நான் போனைப் பிடுங்கிக் கேட்டேன். “எதுக்கு மாத்தணும்? அதே பேருதான். முன்னாடி சொல்லும்போது எரிச்சலா இருக்கும், அதுக்கப்புறம் சிரிப்பா இருக்கும். அம்புட்டுத்தான்.” போனை வைக்கும் முன் உனக்கு ஒரு சேதியும் சொன்னான். “தம்பிட்ட சொல்லுங்க. அவனுவ வேற யாரையோ கூப்ட்டாலும் ‘என்னையவா’ன்னு கேட்டுட்டுப் போய் நிக்கச் சொல்லுங்க. மானம் ஒண்ணும் போயிராது. எனக்குப் பாயசம் கெடச்சுது.”

கார்த்தி, உனக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. நீ போனதும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்றால், நம் மாடிப் பையன்களும் நான் போனதும் நிறுத்தினார்கள். குழாயையும் சேர்த்து நிறுத்தினார்கள். அவர்களை மொத்தமாகக் கும்பல் என்று நீ சொல்லும்போது, அவர்களும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். உனக்கு அங்கே கட்டாயம் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை மட்டும் கண்டுபிடி. எப்படி என்று எனக்குத் தெரியாது. அரிசி கேட்டுப் போ, உப்பு கேட்டுப் போ, யாரையோ கூப்பிட்டால் நீ போய் நில். அவர்களில் சிரிப்பை அடக்கத் தெரியாத ஒருவன் இருப்பான், அவன் சொல்லிவிடுவான். கேட்டதும் உனக்குச் சிரிப்பு வந்தால் அங்கேயே இரு. பொங்கலுக்கு வரும்போது அவர்களில் இரண்டு பேரையாவது இட்டுக்கொண்டு வா, டேங்கில் தண்ணீர் இருக்கிறது. சிரிப்பு வராவிட்டால், நிஜமாகவே வராவிட்டால், வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டோம். மெத்தை காய்ந்துவிட்டது, பைக் ஒரே உதையில் கிளம்புகிறது. நீ ஒண்டி இல்லை. நம் மூன்று பேருக்கும் சேர்த்து ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஒரு அப்ரண்டிஸ் ஊரில் இல்லை என்பதற்காக டிபார்ட்மென்ட்டை யாரும் மூடிவிட மாட்டார்கள்.

உங்கம்மா இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ரொம்ப நேரம் ஆகிறது. இப்போது கூப்பிடும் சத்தம் கேட்கிறது. காக்காயையா, என்னையா, சரியாக விழவில்லை. எதற்கும் போய் நிற்கிறேன்.

நைனா